பழகும் பணப்பை வேறு, காசுப் பணப்பை வேறு

ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டில் அண்மையில் ஒரு சின்னப் பதற்றம். தகவல் தொழில்நுட்பத்தில் தொழிற்பயிற்சி செய்யும் மகன், "பிளொக்செயின் பழக ஒரு வொலட் திறக்கப்போகிறேன்" என்றான். கிரிப்டோ என்றாலே காசைத் தொலைத்தவர்களின் கதைதான் எங்கள் சனத்திடம் அதிகம். மறிப்பதா, விடுவதா என்று முடிவெடுக்க முதல் நாங்களும் இருந்து படித்தோம். அதில் விளங்கியதை எழுதுகிறோம்.

எதீரியம் அறக்கட்டளை 2014இல் எங்கள் சுவிசின் சூக் நகரில்தான் பதிவானது. வலையமைப்பு 2015 யூலையில் இயங்கத் தொடங்கியது. அதில் ஒரு நிரலை ஏற்றுவதற்கும் கட்டணம் உண்டு. பிழைவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. முறையிட வங்கி முகாமையாளரும் இல்லை. ஆகவே நிரல் எழுதுபவர்கள் முதலில் சோதனை வலையமைப்பில் பழகுகிறார்கள். விதிகள் அதே விதிகள், நாணயத்துக்கு மட்டும் பெறுமதி இல்லை. வணிகவியல் படித்தபோது இல்லாத கடைக்குப் பேரேடு எழுதிப் பழகினோமே, அதுபோல.

இந்த வலையமைப்புகளுக்குத் தொடருந்து நிலையங்களின் பெயர்களை வைப்பது வழக்கம். இப்போது செயலி எழுதுபவர்கள் பாவிக்கும் 'செப்போலியா' ஏதென்சில் உள்ள ஒரு நிலையம்.

ஆபத்து எங்கே? பணப்பை திறக்கும்போது 12 ஆங்கிலச் சொற்கள் தரப்படும். அவைதான் திறப்பு. அதே சொற்கள், அதே முகவரி, சோதனை வலையமைப்புக்கும் உண்மையான வலையமைப்புக்கும் பொருந்தும். பழகும் பிள்ளைகள் இந்தத் திறப்பை நிரலோடு ஒரு கோப்பில் வைப்பதுண்டு. அந்தக் கோப்பு தவறுதலாக இணையத்தில் பொதுவெளிக்குப் போனால், அதைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. அந்தப் பணப்பையில் உண்மைக் காசும் இருந்தால், அது போனதுதான்.

ஆகவே செய்யவேண்டியது இதுதான்:

1. உலாவியில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, மெட்டாமாஸ்க் போன்ற பணப்பையை அதன் சொந்தத் தளத்திலிருந்தே நிறுவுங்கள்.

2. புதிய 12 சொற்களோடு புதிய பணப்பை திறவுங்கள். பழைய பணப்பைக்குள் இன்னொரு கணக்குச் சேர்ப்பது போதாது. இரண்டுக்கும் தாய்த் திறப்பு ஒன்றே.

3. சோதனை வலையமைப்புகளைக் காட்டச் சொல்லி, செப்போலியாவைத் தெரிவுசெய்யுங்கள். அதன் அடையாள எண் 11155111.

4. சோதனை நாணயத்தை 'பொசெற்' எனப்படும் இலவசத் தளங்களில் கேட்டு வாங்குங்கள். அவற்றுக்கு உங்கள் முகவரி போதும். 12 சொற்களைக் கேட்டால் அது திருட்டு.

5. இந்தப் பணப்பைக்குள் ஒரு சதமும் உண்மைக் காசு போடாதீர்கள்.

சோதனை நாணயத்தைக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். 'கோர்லி' என்ற முந்தைய வலையமைப்பில் நாணயம் தட்டுப்பட்டபோது, 2023இல் அதையும் காசுக்கு விற்றார்கள். அந்த வலையமைப்பு பின்னர் கைவிடப்பட்டது.

வரிப் படிவம் நிரப்புபவர்களுக்கும் ஒரு சொல். உண்மையான கிரிப்டோ சொத்து வரிக்கு உட்பட்டது. ஆண்டிறுதிப் பெறுமதியைக் காட்டவேண்டும். பெறுமதியில்லாத சோதனை நாணயத்தில் காட்ட எதுவும் இல்லை. இரண்டும் ஒரே பணப்பையில் கலந்திருந்தால் கணக்கும் குழம்பும்.

மகனை நாங்கள் மறிக்கவில்லை. 12 சொற்களையும் ஒரு தாளில் எழுதி, மேலே 'பழக மட்டும்' என்று போடச் சொன்னோம். உங்கள் பிள்ளை கேட்டாலும் பயத்தில் மறுத்துவிடாதீர்கள். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, அந்த முதல் 12 சொற்கள் புதியவைதானா என்று மட்டும் பாருங்கள்.