விடை வராதபோது கருவி என்ன செய்யும்?

காளவாசலிலிருந்து மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டி நோக்கிச் செல்லும் தேனிச் சாலைப் பகுதியில் கிணற்றுப் பாசனத்தை நம்பிய விவசாயிகள் பலர். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, இரவென்றும் பாராமல் தோட்டத்திற்குச் சென்று மோட்டாரைப் போடுவது அவர்களுடைய நெடுநாளைய துன்பம். வீட்டிலிருந்தபடியே மோட்டாரை இயக்க உதவும் சிறு கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் இணையத்தின் வழியே வேலை செய்வன பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

இக்கருவியின் வேலை நெசவாளருக்கு எளிதில் விளங்கும். நாடா ஒரு புறமிருந்து புறப்பட்டு மறுபுறம் சேர்ந்தால்தான் ஊடை விழும். அதுபோலவே, கருவி தொலைவிலுள்ள சர்வர் என்னும் பொதுக் கணினிக்கு வேண்டுகோள் அனுப்புகிறது. சர்வர் விடை அனுப்புகிறது. “எனக்கு உத்தரவு உண்டா?” என்பது வேண்டுகோள். “மோட்டாரை 30 நிமிடம் ஓட்டு” என்பது விடை. இம்முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வகுத்தது இது. விடையின் தொடக்கத்தில் ஓர் எண் வரும். 200 என்றால் வேண்டுகோள் ஏற்கப்பட்டது. 404 என்றால் கேட்டது அங்கே இல்லை. 503 என்றால் இப்போது இயலாது, பிறகு கேள்.

பெரிய கணினிக்கு இது அற்பக் காரியம்; சிறு கருவிக்கு அவ்வாறன்று. 2014-இல் சீனாவின் எஸ்பிரஸிஃப் நிறுவனம் வெளியிட்ட இ.எஸ்.பி.8266 என்னும் சில்லு இத்துறையில் பெயர் பெற்றது. இணைப்பில் இருக்கும்போது அதில் நமக்கு எஞ்சும் நினைவகம் சுமார் 50 கிலோபைட்டே. பிறர் படிக்க இயலாதவாறு பூட்டி அனுப்பப்படும் செய்தியின் ஒரு பகுதி மட்டுமே 16 கிலோபைட் வரை இருக்கக்கூடும். ஆகவே விடை சுருக்கமாக இருத்தல் வேண்டும். நீண்ட விடையைக் கருவி சிறிது சிறிதாகவே வாங்கிப் படித்தல் வேண்டும். இன்றேல் நினைவகம் நிரம்பிக் கருவி நின்றுவிடும்.

இதனினும் பெரிய சோதனை, விடையே வராத நேரம். “நிறுத்து” என்னும் உத்தரவு வந்தால்தான் நிற்கும் கருவி, இணைப்பு அறுந்தால் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும். கிணறு வற்றும், காயில் கருகும். நல்ல கருவியோ 30 நிமிடக் கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, யார் சொல்லாவிடினும் நிறுத்திவிடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரங்களில் நிறுவிய தானியங்கி வானிலை நிலையங்களும் தொலைவிலிருந்து செய்தி அனுப்புவனவே. ஆனால் மழையளவு தாமதமாக வந்தாலும் பயன்படும். மாலை 6 மணி உத்தரவை இரவு 2 மணிக்கு நிறைவேற்றினால் கேடே விளையும். ஆகவே ஒவ்வொரு உத்தரவுக்கும் காலவரையறையும், ரசீதைப் போல வரிசை எண்ணும் வேண்டும். ஒரே எண் மறுமுறை வந்தால் கருவி வேலையைத் திரும்பச் செய்யலாகாது.

மற்றொன்று கூட்டுறவாளர் நன்கறிந்த ஒழுங்கு. நின்ற மின்சாரம் திரும்பியதும் ஒரு பகுதியின் கருவிகள் யாவும் ஒரே நொடியில் சர்வரை அழைத்தால் நெரிசலில் ஒருவருக்கும் விடை கிடைக்காது. ஒவ்வொன்றும் வெவ்வேறு நொடிகள் பொறுத்து அழைக்க வேண்டும். விடை கிடைக்காவிடில் 2, 4, 8 நொடிகள் என இடைவெளியை இரட்டித்துக் கேட்க வேண்டும்.

வாங்குமுன் விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இணைப்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்குமா? பழைய உத்தரவைத் தள்ளிவிடுமா? செய்தி பூட்டி அனுப்பப்படுகிறதா? இணைப்பே இல்லாதபோது கையால் இயக்க வழியுண்டா? தனியொருவர் கேட்டால் விற்பவர் மழுப்பக்கூடும். சங்கம் ஒரு கருவியை முதலில் வாங்கி, அங்கத்தினர் முன்னிலையில் இணைப்பைத் துண்டித்துச் சோதித்த பின் பலருக்குமாகச் சேர்த்து வாங்குமாயின், பணமும் மிஞ்சும், மோட்டாரும் பிழைக்கும்.