அத்தை மிஷினுக்கு ஒரு பாதம்

உத்தமபாளையத்து அத்தை வீட்டில் ஒரு சிங்கர் மிஷின் உண்டு. கறுப்பு உடம்பில் தங்கப் பூவேலை பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. துணி உரசும் முன்விளிம்பில் சுத்தமாகவே இல்லை. போன மார்கழியில் அதன் பாதம் உடைந்தது. துணியை அமுக்கிப் பிடிக்க இரண்டு விரல்போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் ஒரு விரல் போய்விட்டது.

"படிச்சவன்தானே, ஒண்ணு வாங்கிப் போடு" என்றார் அத்தை.

படித்தவன் போனில் தேடினேன். சிங்கர் என்று போட்டிருந்த பாதம் ஒன்றை வரவழைத்தேன். மாட்டப் போனால், தூக்கியை முழுக்கத் தூக்கி வைத்த பிறகும் பாதத்தின் பிளவு மிஷினின் திருகாணிக்கு மேலேயே நின்றது. திருப்பி அனுப்பி வேறொன்று வாங்கினேன், அதே கதை. விற்றவரைக் கேட்டால், "சிங்கர்னுதானே சார் கேட்டீங்க?" என்கிறார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

கடைசியில், வீடு வீடாகப் போய் மிஷின் பார்க்கும் பெரியவர் ஒருவர் சின்னமனூரிலிருந்து வந்தார். நான் வாங்கியதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார்.

"பேரை விடுங்க தம்பி. தட்டுல இருந்து ஸ்க்ரூ எம்புட்டு உயரம்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பாதம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதானாம். பாதத்தைக் கீழே இறக்கிவிட்டு, ஊசித்தட்டின் மேற்பரப்பிலிருந்து திருகாணியின் நடுப்புள்ளிவரை அளக்க வேண்டும். அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குள் நின்றால் குட்டைத் தண்டு. வீட்டு மிஷின்களில் பெரும்பாலானவை இந்த இனம். ஒரு அங்குலத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ நெட்டைத் தண்டு. பவர் மிஷின்களில் இதுதான். இந்த இரண்டிலும் சேராதவையும் உண்டு. சிங்கர் 1952ல் கொண்டுவந்த 301 மாடலில் ஊசியே செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நிற்கும். அதற்குப் பாதமும் தனி. எனக்கு வந்த இரண்டும் நெட்டை. அத்தை மிஷினோ குட்டை. பெயர் பொருந்தியும் உயரம் பொருந்தவில்லை.

ஒரு துண்டு இரும்புக்கு இத்தனை ஜாதகப் பொருத்தமா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஊசித்தட்டை ஒட்டிய மூடியைத் திறந்து, மிதியைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் மெல்ல நம் பக்கமாகச் சுற்றிப் பார்த்த பிறகு தோன்றவில்லை.

முதலில் ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தலைப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் தலையிலிருந்து காதுவரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும். ஊசி துணிக்குள் இறங்கும்போது நூல் அந்தப் பள்ளத்தில் பதுங்கிக்கொண்டு சிரமமில்லாமல் இறங்குகிறது. அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு ஊசி இரண்டு மில்லிமீட்டர் போல மேலே ஏறும் அந்தக் கணத்தில்தான் வேலை நடக்கிறது. பள்ளத்துப் பக்கத்து நூல் ஊசியோடு வழுக்கி ஏறிவிடும். தட்டைப் பக்கத்து நூலுக்குப் பதுங்க இடமில்லை. துணிக்கும் ஊசிக்கும் நடுவில் உரசி மாட்டிக்கொள்ளும். ஏற முடியாத நூல் பக்கவாட்டில் புடைத்து, ஒரு சின்னக் கண்ணி ஆகும். ஷட்டிலின் கூர்மூக்கு சரியாக அந்த நேரத்துக்கு வந்து கண்ணிக்குள் நுழைந்து, நூலைப் பாபினைச் சுற்றி இழுத்துப் போகும். மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்வது இப்படித்தான்.

துணி இருந்த இடத்தில் இருந்தால்தான் அந்த உரசல். பாதத்தின் பிடி தளர்ந்திருந்தால் ஏறும் ஊசியோடு துணியும் கூடவே எழும்பும். நூல் உரசாது, கண்ணி புடைக்காது, ஷட்டில் மூக்கு வெறுங்காற்றைக் குத்திவிட்டுத் திரும்பும். மேலே ஒரு தையல் விட்டுப்போயிருக்கும். நாம் ஊசியைத் திட்டுவோம், நூலைத் திட்டுவோம், நூல் விற்ற கடைக்காரரையும் திட்டுவோம். பாதத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

துணியை நகர்த்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. தட்டுக்கு அடியில் இருக்கும் பல் மேலே எழும், பின்னால் தள்ளும், கீழே இறங்கும், முன்னால் வரும். இந்த நாலு அசைவை ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர் 1850களில் கண்டுபிடித்தார். பல் தள்ளுவதற்கு மேலிருந்து ஓர் எதிர் அழுத்தம் வேண்டும். மிஷினின் இடக்கோடியில், தலைக்கு மேலே நிற்கும் திருகு அதற்குத்தான். உள்ளே இருக்கும் சுருள்வில்லை இறுக்கும், தளர்த்தும். சக்கம்பட்டி காட்டன் சேலைக்கும் பள்ளிக்கூடப் பைக்கும் ஒரே இறுக்கம் வைத்தால் சேலை சுருங்கும், அல்லது பை நகராது. அத்தை அந்தத் திருகைத் தொட்டதே இல்லை.

உயரம் பொருந்திவிட்டால் அடுத்து ஓட்டையைப் பார்க்க வேண்டும். நேர்த்தையல் மட்டும் போடும் மிஷினில் ஊசி ஒரே கோட்டில் ஏறி இறங்குகிறது. அதற்கு ஒடுங்கிய இடைவெளி போதும். இரண்டு பக்கமும் துணியை நெருக்கமாகப் பிடிக்க அதுவே நல்லது. கம்பம் கடைவீதியில் "ஃபால்ஸ், பீக்கோ அடித்துத் தரப்படும்" என்று போர்டு தொங்கும் கடைகளுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே ஊசி இடம் வலமாக ஆடும். அந்த மிஷின் பாதத்தில் அகலமான வாய் இருக்கும். ஆடும் ஊசிக்கு ஒடுங்கிய பாதத்தை மாட்டினால், இரண்டாவது குத்திலேயே ஊசி பாதத்தின் மேல் அடித்து ஒடியும். தெறிக்கும் முனை கண்ணுக்கு நேராகத்தான் வரும். பீக்கோ பாதத்தை நேர்த்தையல் மிஷினில் போட்டால் ஆபத்து ஒன்றும் இல்லை. மெல்லிய துணி அந்த அகல வாய்க்குள் கொஞ்சம் குழியும், அவ்வளவுதான்.

பெரியவர் பையில் இருந்த பாதம் லூதியானாவில் செய்தது. மாட்டினார், அச்சாகப் பொருந்தியது. விலை இரண்டு பேர் டீ, வடை சாப்பிடும் காசு. பஞ்சாபில் இன்று வார்த்த பாதம், ஸ்காட்லாந்தில் எப்போதோ வார்த்த அத்தை மிஷினுக்கு எப்படிச் சேர்கிறது? எனக்கு மிஷினைவிட இதுதான் பெரிய ஆச்சரியம்.

1850களில் தையல் மிஷின் செய்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1856ல் சிங்கர் உள்ளிட்ட பெரிய கம்பெனிகள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து, மற்றவர்களிடம் கட்டணம் வசூலித்தன. 1877ல் அந்தக் கூட்டு முடிந்தது; முக்கியமான காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. 1880ஐ ஒட்டி வந்த சிங்கரின் 15ஆம் வகை மிஷின் பிறகு ஊர்ச் சொத்து மாதிரி ஆயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல, ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குச் சேரும்படி அதையே செய்து உலகம் முழுக்க அனுப்பின. லூதியானாவின் சின்னச் சின்னப் பட்டறைகளும் அந்த அச்சைத்தான் பிடித்துக்கொண்டன. ஊசிப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: 15 எக்ஸ் 1, எச்.ஏ. எக்ஸ் 1, 130/705 எச். முதல் பெயர் சிங்கர் வைத்தது, இரண்டாவது ஜப்பான்காரர்கள் வைத்தது, மூன்றாவது ஐரோப்பாவினுடையது. உள்ளே இருப்பது ஒரே ஊசி.

இந்த மிஷினுக்கு காந்தியின் சிபாரிசும் உண்டு. எந்திரம் எல்லாவற்றுக்குமே நீங்கள் எதிரியா என்று 1924ல் ஒரு சாந்திநிகேதன் மாணவர் அவரைக் கேட்டபோது, காந்தி விலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மனைவி ஊசியும் கையுமாகப் படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல் சிங்கர் இதைச் செய்தார் என்றும் காந்தி நம்பினார். பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்குக் குறையாத பிள்ளைகளைப் பெற்ற ஐசக் சிங்கர் இதைக் கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார். கேட்ட மாணவர் ஜி.ராமச்சந்திரன், பின்னாளில், 1947ல், மனைவி சௌந்தரம் அம்மையாரோடு எங்கள் தேனிக்குப் பக்கத்து மாவட்டத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

பாதம் கிடைத்துவிட்டது. மிஷினோடு கூட வந்த புத்தகம்? அதைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. ஆனால் பழைய சிங்கர் தன் பிறந்த தேதியை உடம்பிலேயே வைத்திருக்கிறது. தூணின் அடியில், வலக்கோடியில் சின்னத் திட்டு ஒன்றில் எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பார்கள். அத்தை மிஷினில் அழுக்கைத் துடைத்தபோது ஆங்கில 'ஈ'யில் தொடங்கும் இரட்டை எழுத்து தெரிந்தது. 1935லோ அதற்குப் பிறகோ ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் பிறந்தது என்று அர்த்தம். 'ஒய்' என்றிருந்தால் அதற்கும் முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகள். அந்த ஆலையை 1980ல் மூடிவிட்டார்கள். பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்றும் 'சிங்கர்' என்றுதான் பெயர்.

வகை எது என்பதைப் பாபின் சொல்லும். இரு பக்கமும் தட்டையாக, குறுக்களவு 20 மில்லிமீட்டர் சொச்சம் இருந்தால் 15ஆம் வகை. கன்னம் உப்பியிருந்தால் 66. படகு போன்ற ஷட்டிலுக்குள் ஒல்லியான நீளப் பாபின் இருந்தால் 27, 28, அல்லது அவற்றின் தம்பிகளான 127, 128. வகை தெரிந்துவிட்டால் புத்தகம் கைக்கு எட்டும் தூரத்தில்தான். பழைய தையல் மிஷின் பிரசுரங்களை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. வரிசை எண்ணுக்கு ஆண்டு சொல்லும் பட்டியலைப் பழைய தையல் மிஷின் சேகரிப்பாளர்களின் சர்வதேசச் சங்கம் வைத்திருக்கிறது. சிங்கர் கம்பெனியும் பழைய கையேடுகளை இலவசமாகத் தருகிறது. உஷாவோ ரீட்டாவோ வைத்திருப்பவர்களும் அவர்கள் மிஷின் 15ஆம் வகை என்றால் இதே புத்தகத்தைப் பார்த்து நூல் கோக்கலாம், எண்ணெய் விடலாம்.

பக்கங்களைத் தேனியில் அச்செடுத்து அத்தையிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தைத் தள்ளிவிட்டுப் படங்களை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். எண்ணெய் விடும் இடங்களை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்த பக்கத்தில் நின்றார். எண்ணெய் விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பாவக்கணக்கு உண்டு. மிஷின் எண்ணெய் தீர்ந்தால் சமையலறைக்குப் போவோம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பாட்டிலுக்குள் நடப்பது மிஷினுக்குள்ளும் நடக்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் உறையாது; ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளாவட்டத்தில் பிசினாகும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மிஷின் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை.

அம்புக்குறிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அத்தைக்குத் தெரிந்திருந்தது. தூணின் முதுகில், சுவரைப் பார்த்தபடி, பூவேலை செய்த வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷமும் அதை அலங்காரம் என்று நினைத்திருக்கிறார். திருகைத் தளர்த்தித் தகட்டை ஒதுக்கினால், உள்ளே மேலும் கீழும் போய்வரும் தண்டுகள் மெழுகு பூசியதுபோல மஞ்சளாக இருந்தன. மூட்டுக்கு இரண்டு சொட்டு விட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு மூடினோம்.

மறுநாள் காலை மிஷினுக்கு அடியில், சிமெண்ட் தரையில், எட்டணா அளவுக்குக் கறுப்பாக ஒரு சொட்டு கிடந்தது.