உடம்புக்குள் தானே மறையும் ஸ்க்ரூ

எலும்பு முறிந்தால் பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுகிறார்கள். எலும்பு கூடிய பிறகு அந்த உலோகத்துக்கு அங்கே வேலை இல்லை. பலருக்கு அது ஆயுள் முழுதும் உள்ளேயே இருந்துவிடுகிறது. உறுத்தினாலோ, சீழ் பிடித்தாலோ, வளரும் பிள்ளையாக இருந்தாலோ அதை எடுக்க இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். மறுபடி மயக்க மருந்து, மறுபடி செலவு, மறுபடி வேலைக்குப் போக முடியாத நாட்கள். இந்தச் சிரமத்தைக் குறைக்க, வேலை முடிந்ததும் தானாக மறையும் உலோகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் முதன்மையானது மக்னீசியம்.

ஏன் மக்னீசியம்?

இது நம் உடம்புக்குப் புதிதல்ல. வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. கீரை, பருப்பு, கொட்டை வகைகள் மூலம் தினமும் 300 முதல் 400 மில்லிகிராம் வரை நமக்குத் தேவை. மிகுதியானதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. எஃகு, எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. பாரத்தை அதுவே தாங்கிக்கொள்வதால் அடியிலுள்ள எலும்பு வேலையின்றி மெலியலாம். மக்னீசியத்தின் விறைப்பு எலும்புக்கு நெருக்கமானது.

எப்படி மறைகிறது?

சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் அல்ல. கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பியை உப்புக்காற்று அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற அரிமானம்தான் இது. நம் உடம்பில் உள்ள நீரும் உப்புநீரே. அதோடு மக்னீசியம் சேரும்போது மேலே வெள்ளைப் படலமாக மக்னீசியம் ஹைட்ராக்சைடு உருவாகிறது. ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அந்தப் படலம் கொஞ்ச காலம் உலோகத்தைக் காக்கும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அதைக் கரைக்க, அரிமானம் தொடர்கிறது. இதற்கிடையே கால்சியமும் பாஸ்பேட்டும் மேலே படிந்து வேகத்தைக் குறைக்கின்றன. உலோகம் தேயத் தேய அந்த இடத்தில் புதிய எலும்பு வளர்கிறது.

வேகமே முக்கியம்

பெரும்பாலான முறிவுகள் கூட 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை ஸ்க்ரூ பலம் இழக்கக் கூடாது. ஒரு கிராம் மக்னீசியம் அரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வரும். மெதுவாக வந்தால் இரத்தம் அதைக் கொண்டுபோய்விடும். வேகமாக வந்தால் தோலுக்கடியில் தேங்கி வீங்கும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய அறுவை மருத்துவர் ஆல்பின் லாம்போட் ஒருவரின் காலில் மக்னீசியம் பிளேட்டை எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் பிளேட் சிதைந்து, தோலுக்கடியில் வாயு சேர்ந்தது. இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால், அவற்றில் எளிதில் அரியக்கூடியது இன்னும் வேகமாக அரியும். அந்தச் சிதைவுக்குக் காரணம் இதுதான்.

இன்று தூய மக்னீசியத்துடன் கால்சியம், துத்தநாகம், இட்ரியம் போன்றவற்றைக் கலந்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஜெர்மனியில் உருவான மக்னீசியம் ஸ்க்ரூ 2013-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. தென் கொரியா 2015-ல் தன் நாட்டுத் தயாரிப்புக்கு அனுமதி தந்தது. கால் பெருவிரல், மணிக்கட்டு போன்ற சிறிய எலும்புகளுக்கே இவை பெரும்பாலும் பயன்படுகின்றன. முழுப் பாரமும் தாங்கும் தொடை எலும்புக்கு எஃகும் டைட்டேனியமுமே இன்றும் துணை. ஆகவே மருத்துவர் அவற்றைப் பரிந்துரைத்தால் அது குறைந்த சிகிச்சை என்று எண்ண வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் மாதங்களின் எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு நிழல் தெரியலாம். அது வாயுவாக இருக்கலாம். சீழ் என்று நீங்களே முடிவு கட்டாமல், ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு மருத்துவரிடம் போனால் மக்னீசியம் ஸ்க்ரூ என்பதை மறக்காமல் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

காய்ச்சல், சிவந்த வீக்கம், சீழ் வடிதல் இருந்தால் அன்றே போக வேண்டும்.

வலி இல்லை என்பதற்காக, மருத்துவர் சொன்ன நாளுக்கு முன் காலை ஊன்றவோ பாரம் தூக்கவோ கூடாது. எலும்பு கூடும் காலத்தைக் கணக்கிட்டே அந்த நாட்களை அவர் சொல்லியிருப்பார்.