அரை வட்டத்தில் ஒரு தேசம்

எம் மாணவர் ஒருவர் விடுமுறையில் தாம் செய்த மாதிரி விமானமொன்றைக் கொணர்ந்து காட்டினார். அதனைக் கண்ட அவருடைய அன்னையார், "உந்தச் சனியனை ஏன் வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறாய்?" என்று சினந்தாராம். 1990 ஆம் ஆண்டில் தெல்லிப்பழையை விட்டு இடம்பெயர்ந்த குடும்பம் அவர்களுடையது. பலாலி விமானத் தளத்தின் அயலில் வாழ்ந்தோர்க்கு விமானம் என்பது குண்டின் மறுபெயராக இருந்த காலம் ஒன்றுண்டு. அன்னையார் கோபத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் அச்சிறு விமானத்தின் கதையையும் நாம் கேட்டல் வேண்டும்.

அது ஜப்பானியக் கடற்படை தன் விமானிகளைப் பழக்கிய இரட்டைச் சிறகு விமானத்தின் மாதிரி. உண்மை விமானத்தின் சிறககலம் 11 மீற்றர். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். சிறகுகளைத் தாங்கும் தூண்களுக்கு மாணவர் ஈர்க்கைச் சீவி ஒட்டியிருந்தார். வேலை மிகத் திருத்தமானது. சிறகிலே ஜப்பானின் செவ்வட்டம் முழுமையாக விளங்கிற்று.

"இது எந்த நாளைய விமானம், தம்பி?" என்று வினவினேன். "இந்தோனேசியாவில் 1945 இல் பறந்தது, ஐயா" என்றார். அங்ஙனமாயின் வட்டம் பிழை என்றேன்.

1945 ஓகஸ்ட் 15 இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. இரண்டு நாளில் இந்தோனேசியர் தம் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தனர். ஜப்பானியர் விட்ட விமானத் தளங்கள் அவர்கள் கைக்கு வந்தன. அங்கே கிடந்தவையோ பழுதுற்ற பழைய விமானங்கள். அவற்றைச் செப்பனிட்டு, செவ்வட்டத்தின் கீழ்ப்பாதிக்கு மட்டும் வெள்ளை பூசினர். ஜப்பானின் சூரியன் இந்தோனேசியாவின் செவ்வெண் கொடியாயிற்று! ஒக்டோபர் 27 ஆம் நாள் அகுஸ்தீனுஸ் அடிசுஜிப்தோ என்னும் விமானி அவ்வடையாளத்துடன் யோக்யகர்த்தா நகரின் மேலே பறந்தார். அவ்வூர் மக்கள் அண்ணாந்து கண்டது தம் கொடியை.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தையும் ஆண்ட ஒல்லாந்தர், தாம் இழந்த அந்நாட்டை மீட்க 1947 ஜூலையிற் படையெடுத்தனர். அம்மாதம் 29 ஆம் நாள் வைகறையில் மூன்று விமானங்கள் எழுந்து, ஒல்லாந்தர் வசமிருந்த செமாராங், சலாத்திகா, அம்பாராவா ஆகிய ஊர்களிற் குண்டு வீசித் திரும்பின. அவற்றுள் இரண்டு இப்பயிற்சி விமானங்களே. ஓட்டியவர்கள் பயிற்சி மாணவர்கள்.

அன்று பிற்பகலில் சிங்கப்பூரிலிருந்து மருந்துகளை ஏற்றி வந்த டக்கோட்டா விமானம் ஒன்றை ஒல்லாந்தர் யோக்யகர்த்தாவின் அருகே சுட்டு வீழ்த்தினர். அதன் உடலில் எழுதியிருந்தது வி.டி. – சி.எல்.ஏ. என்னும் இந்தியப் பதிவு அடையாளம். ஒரிசாவைச் சேர்ந்த பிஜு பட்நாயக்கின் விமான சேவைக்கு உரியது அது. இறந்தோருள் ஒருவர் அடிசுஜிப்தோ. 1952 இல் அத்தளத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

மாதிரி விமானம் செய்யும் மாணவர்கட்கு ஒன்று கூறுவேன். தூரிகையை எடுக்குமுன், எந்த ஆண்டு, எந்தத் தளம், யார் கையில் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடுங்கள். பெட்டியின் மேலுள்ள படம் ஒரு நாளைய கோலத்தையே காட்டும். கைப்பற்றிய விமானத்துக்கோ பல பிறவிகள். வடிவம் மாறுவதில்லை; அடையாளம் மாறும், அதனால் அதன் பொருளே மாறிவிடும். ஒரு துளி வெள்ளையைத் தவறவிட்டால் ஒரு தேசத்தின் பிறப்பையே தவறவிட்டவர் ஆவோம்.

மாணவர் வட்டத்தின் கீழ்ப்பாதியைச் சுரண்டி வெள்ளை பூசினார். வீட்டிற் கதை முழுவதையும் சொன்னாராம். அன்னையார் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப மருந்து கொண்டுபோனதைச் செய்யன்" என்றாராம்.

இப்பொழுது அவர் மேசையில் டக்கோட்டா ஒன்று உருவாகி வருகின்றது.