கறுப்பாக இருந்தால் போதுமா?

வெல்டிங் கண்ணாடியால் கிரகணம் பார்க்கலாமா என்று, ரயில்வே பணிமனையில் இருந்தவன் என்பதால், என்னிடம் பலர் கேட்பதுண்டு. கண்ணாடியின் எண்ணைப் பாருங்கள் என்பேன். ஆர்க் வெல்டிங்குக்குப் பெரும்பாலும் 10, 11 எண்ணே போதும். சூரியனுக்கு 14 வேண்டும். எக்ஸ்ரே பிலிமும் கூலிங் கிளாஸும் கண்கூச்சத்தைத்தான் குறைக்கும். கெடுதல் செய்யும் கதிர்களைத் தடுக்கும் என்ற உறுதி இல்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வை பழுதான பிறகே புரியும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. அட்டையில் ஊசித்துளை இட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தேய்ந்த சூரியன் தாளில் தெரியும். துளை வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது.

2027 ஆகஸ்ட் 2 மாலை இந்தியாவின் பல பகுதிகளில் பகுதி கிரகணம் தெரியும். மேகம் விலகினால், கதவடைத்து உட்காராமல் குழந்தைகளுக்குத் தாளில் காட்டுங்கள்.