மார்பில் வந்தது முதுகுக்குப் போவது எப்படி?

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மார்புல கட்டின்னு ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. இப்போ முதுகு வலின்னு போனா, எலும்புல கேன்சர்ங்கறாங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு கேன்சரா டாக்டர்?"

இரண்டு இல்லை, ஒன்றுதான். எலும்பில் இருப்பதும் மார்பகப் புற்றுநோயேதான். அங்கிருந்து துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மார்பக செல்களின் சாயல்தான் தெரியும். மருந்தும் அதற்கு உரியதைத்தான் கொடுப்பார்கள்.

அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று? சாதாரண செல்கள் அக்கம்பக்கத்து செல்களோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். புற்று செல்லுக்கு அந்த ஒட்டுதல் விட்டுப்போகிறது. பக்கத்துத் திசுவை அரித்துக்கொண்டு நிணநீர்க் குழாயிலோ ரத்தக் குழாயிலோ புகுந்துவிடுகிறது. நிணநீர் வழி போனால் பெரும்பாலும் முதலில் அக்குளில் நெறி கட்டும். ரத்தத்தில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகும். தப்பித்த ஒன்றிரண்டு எங்காவது ஒதுங்கி, வருஷக்கணக்கில் தூங்கிவிட்டு விழித்துக்கொள்ளும்.

எங்காவது என்றேனே, அது முழுக்கச் சரியில்லை. 1889-ல் லண்டன் சர்ஜன் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் புரட்டினார். கல்லீரலில் நிறையப் பேருக்குப் பரவியிருந்தது, மண்ணீரலில் அபூர்வம். இரண்டுக்குமே ரத்தம் தாராளமாகத்தானே போகிறது! விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று முடிவுக்கு வந்தார். மார்பகம், புராஸ்டேட் இரண்டுக்கும் எலும்பு நல்ல மண். பெருங்குடல் விஷயத்தில் பாதையும் சேர்ந்துகொள்கிறது: குடலின் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது.

'கத்தி பட்டால் பரவும்' என்று ஊசி போட்டுப் பார்க்கக்கூட விடாதவர்கள் உண்டு. பாவம், கத்தி! முற்றிய பிறகு வருகிறவர்களுக்கு, கத்தி படும் முன்பே நோய் கிளம்பிப் போயிருக்கும்.

இப்படிப் பரவியதை அடியோடு விரட்டுவது பெரும்பாலும் முடியாது. ஆனால் அடக்கி வைக்கலாம். எலும்பு வலிக்கு ரேடியேஷன் நல்ல பலன் தரும். எலும்பு முறியாமலிருக்க ஊசி உண்டு. மார்ஃபின் மாத்திரைக்கு 'பழக்கமாயிடும்' என்று பயந்து, நோயாளியை வலியில் துடிக்க விடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்து, புதிதாக முதுகு வலித்தால், அதுவும் ராத்திரி எழுப்புகிற வலியென்றால், தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் டாக்டரிடம் பழைய கதையையும் சொல்லுங்கள். கால் மரத்து பலம் குறைந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ, தண்டுவடம் அழுந்துகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். "காலையில பார்த்துக்கலாம்" என்று படுத்தால், அப்புறம் நடக்க முடியாமலே போகலாம்.