உங்களுக்குத் தெரியுமா? ஆப்பிரிக்காவின் பாண்டு உலகம்

ஆப்பிரிக்க வரைபடத்தில் கேமரூனிலிருந்து கென்யாவுக்கு ஒரு கோடு போடுங்கள். அதற்குத் தெற்கே வாழ்பவர்களில் பெரும்பாலோரின் தாய்மொழிகள் ஒரே வேரில் கிளைத்தவை. சுவாகிலி, ஜூலு, கோசா, ஷோனா, லிங்காலா, கிகுயு என்று சுமார் 500 பாண்டு மொழிகள். பேசுவோர் 30 கோடிக்கும் மேல்!

● படையெடுக்காமல் பரவியவர்கள்
இந்த மொழிகள் பிறந்தது இன்றைய நைஜீரியா, கேமரூன் எல்லைப் பகுதியில். 4,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து குடியானவர்கள் புதுநிலம் தேடி நகரத் தொடங்கினார்கள். எந்தப் பேரரசனும் அவர்களை நடத்திச் செல்லவில்லை. வழியில் இரும்பு உருக்கவும் கற்று, கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் தென்னாப்பிரிக்காவை எட்டிவிட்டார்கள்.

● பெயரில் ஒட்டிய கறை
'பாண்டு' என்றால் மனிதர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழியியலர் வில்ஹெல்ம் பிளீக் இந்த மொழிக் குடும்பத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோ அதையே கறுப்பின மக்கள்மீது குத்தும் முத்திரையாக்கியது. 1953-இன் பாண்டு கல்விச் சட்டம் அவர்களுக்குத் தரம் குறைந்த தனிக் கல்வியை விதித்தது. இன்றும் அங்கே ஒருவரை 'பாண்டு' என்றால் முகம் சுளிப்பார்.

● தலை மாறும் சொற்கள்
தமிழில் பன்மை சொல்லின் கடைசியில் வரும். பாண்டு மொழிகளில் முதலில். போட்ஸ்வானா நாட்டுக்காரர் ஒருவர் என்றால் மோட்ஸ்வானா, பலர் என்றால் பாட்ஸ்வானா, அவர்கள் மொழி செட்ஸ்வானா. அரபியிலிருந்து வந்த 'கிதாப்' சுவாகிலியில் 'கிதாபு' ஆனது. முதல் 'கி'யை ஒருமை முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, பல புத்தகங்களை 'விதாபு' ஆக்கிவிட்டார்கள்!

● நாக்குச் சொடுக்கு
கோசா, ஜூலு மொழிகளில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளும் மெய்யொலிகள்தான். பாண்டு உழவர்கள் வருமுன்பே தெற்கில் வாழ்ந்த கோய், சான் மக்களோடு கலந்து பழகியதில் இவை ஒட்டிக்கொண்டன. 'கோசா' என்ற பெயரே அவர்கள் வாயில் ஒரு சொடுக்கோடுதான் தொடங்கும்.

● காலை 7 மணிக்கு மணி ஒன்று
சுவாகிலி பேசுவோருக்குப் பொழுது விடிவதிலிருந்துதான் கணக்கு. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. இரவு 7 மணி, இரவு 1 மணி. நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிப்பதால் கணக்குப் பிசகுவதில்லை.

● சாந்து பூசாத மதில்
ஷோனா மக்களின் முன்னோர்கள் 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை எழுப்பிய கல்நகரம் மகா ஜிம்பாப்வே. சுமார் 11 மீட்டர் உயரம் வரை எழும் அதன் மதில்களில் சாந்தே கிடையாது. கருங்கல்லை அடுக்கியே நிறுத்தியிருக்கிறார்கள். சீனப் பீங்கான் துண்டுகளும் அங்கே கிடைத்தன. ஆப்பிரிக்கர்களால் இப்படிக் கட்ட முடியுமா என்று வெள்ளைக் குடியேறிகள் நம்ப மறுத்தார்கள். 1905-இல் தொல்லியலர் ராண்டல் மெக்ஐவரும், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் அகழாய்வு செய்து, கட்டியவர்கள் உள்ளூர் மக்களே என்று நிறுவினர். 1980-இல் விடுதலை பெற்ற நாடு அந்நகரின் பெயரையே சூட்டிக்கொண்டது.

● மன்னர் எழுதிய புகார்
கொங்கோ மன்னர் முதலாம் அஃபோன்சோ, 1526-இல் போர்ச்சுகல் மன்னருக்குக் கடிதம் எழுதினார். அடிமை வணிகர்கள் தம் குடிமக்களை மட்டுமல்ல, பிரபுக்களின் பிள்ளைகளையும் தம் உறவினர்களையும்கூடப் பிடித்துச் செல்கிறார்கள் என்று முறையிட்டார். வணிகம் நிற்கவில்லை.

● கடல் கடந்த தாளம்
அடிமைக் கப்பல்களில் மொழியும் இசையும் சேர்ந்தே போயின. 'மரிம்பா' பாண்டுச் சொல். கொலம்பியாவில் தப்பியோடிய அடிமைகள் அமைத்த பலென்கே ஊரின் பேச்சில் கொங்கோ மக்களின் கிகோங்கோ மொழிச் சொற்கள் இன்றும் உண்டு. குஜராத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் ஆடும் 'கோமா' நடனத்தின் பெயர், முரசைக் குறிக்கும் 'ங்கோமா'விலிருந்து வந்தது.

● பத்து ஷில்லிங் பாட்டு
ஜூலு பாடகர் சாலமன் லிண்டா 1939-இல் பதிவு செய்த 'ம்பூபே'தான் பிற்பாடு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று உலகைச் சுற்றியது. அதற்கு அவர் கைக்கு வந்தது 10 ஷில்லிங்! 1962-இல் வறுமையில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு உரிமைத்தொகை தரும் உடன்பாடு 2006-இல்தான் ஏற்பட்டது.

● கழிவறைக் காகிதத்தில் நாவல்
கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் அரசைச் சாடி நாவல்கள் எழுதியபோது கென்ய அரசு அவரைச் சிறையில் தள்ளவில்லை. 1977-இல் சாதாரண மக்களுக்குப் புரியும்படி கிகுயு மொழியில் நாடகம் போட்டதும், விசாரணையே இல்லாமல் சிறை! அங்கே கழிவறைக் காகிதத்தில் அவர் எழுதியதுதான் கிகுயுவில் அவருடைய முதல் நாவல்.